மூடுவதற்கு முன்

சீனிப் போத்தலை மூடுவதற்கு முன் அதற்குள் குனிந்து, "உள்ளுக்க ஆரும் இருக்கிறியளோ?" என்று கேட்கிற ஒரு மனுஷியை எனக்குத் தெரியும். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நானும் முதலில் வயிறு நோகச் சிரித்தவன்தான்.

மன்னார்க் கரையில் தாழ்வுபாடு எங்கள் ஊர். அங்கே எங்கள் வளவுக்கு இரண்டு வளவு தள்ளி ஒரு தகரக் கொட்டிலில் தனியாக இருந்தார். பெயர் எழுதப் போவதில்லை. அக்கா என்றே இருக்கட்டும். இருபது வருடத்துக்கு மேல் மண்டபம் அகதி முகாமில் கிடந்துவிட்டு, சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தவர்களில் ஒருவர். ஒடிசலான உடம்பு, நரைத்த கொண்டை, நகக்கண்களில் எப்போதும் கறுப்பு. முகாமில் இருந்த காலத்தில் படகு எஞ்சின் திருத்தும் பட்டறை ஒன்றுக்குக் கூட்டித் துடைக்கப் போயிருக்கிறார். பிறகு கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவப் பழகி, கடைசியில் முதலாளி இல்லாத நாட்களில் முழு எஞ்சினையும் தானே இறக்கி ஏற்றுகிற ஆளாகிவிட்டார்.

"ஏனக்கா, தையல் கியல் பழகியிருக்கலாமே?" என்று என் மனைவி ஜெசிந்தா ஒரு தடவை கேட்டாள்.

"இதுல எதையும் கழட்டி உள்ள பாக்கலாம்ல" என்றார்.

பேச்சு அப்படித்தான். இந்தியாப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. "ஆமா" என்பார், "எடுங்க" என்பார், "இருக்குல்ல" என்பார். எங்கள் ஆட்கள் அதைச் சொல்லிச் சொல்லிப் பகிடி பண்ணுவார்கள். ஆனால் அந்த ஒரு கேள்வியை மட்டும் அவர் இந்தியாத் தமிழில் கேட்டதே இல்லை. அது சுத்தமான தாழ்வுபாட்டுத் தமிழ், கடல் தாண்டுவதற்கு முன்னே இருந்த பேச்சு. இருபது வயதுப் பெட்டை ஒருத்தி அவருடைய வாய்க்குள் இருந்து கேட்கிற மாதிரி இருக்கும். குரல்கூடக் கொஞ்சம் மாறும்.

கேட்டுவிட்டு மூடிவிட்டால் நானும் அதை ஒரு பழக்கம் என்று விட்டிருப்பேன். அவர் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். தலையை ஒரு பக்கம் சரித்து, வாயைச் சற்றுத் திறந்து, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு நிற்பார். பத்து, பதினைந்து செக்கன் போகும். பக்கத்தில் நிற்கிறவனும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான், ஏன் என்று அவனுக்கே தெரியாது. பிறகு "ஆளில்லை" என்று மெதுவாகச் சொல்லி மூடுவார். சோற்றுப் பானை, உடுப்புப் பெட்டி, சவர்க்காரப் பெட்டி எல்லாவற்றுக்கும் இதே சடங்கு. மன்னார் பஸ்ஸில் கடைசியாக ஏறினால் கொண்டக்டரைக் கதவு மூட விடமாட்டார். கொண்டக்டர் முதலில் ஏசினான். நாள் போகப் போக, அவர் ஏறினால் அவனே கதவைப் பிடித்துக்கொண்டு, "கேளுங்கோ அக்கா, கேட்டு முடியுங்கோ, நேரம் போகுது" என்பான்.

ஊர்ப் பிள்ளைகள் பென்சில் பெட்டியை மூடும்போதெல்லாம் அவரைப் போலக் குனிந்து கேட்டு விளையாடினார்கள். தாய்மார் அடித்தார்கள். ஒரு பிள்ளை இரவில் கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து கேட்கத் தொடங்கினபிறகுதான் அடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு பெரிய வெள்ளிக்கிழமை. ஆராதனை முடிந்து, ஆண்டவரின் சுரூபத்தைச் சிலுவையில் இருந்து இறக்கி, முத்தமிட்டு, பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். மூடியைத் தூக்க நாலு பேர் ஆயத்தம். அக்கா பெண்கள் பக்கத்தில் இருந்து எழுந்து நேரே போனார். குனிந்தார். கேட்டார். கோயில் முழுக்க அப்படியே உறைந்துபோய் நின்றது. பங்குச் சுவாமியும் கையை அரைவாசியில் நிறுத்திக்கொண்டு நின்றார். பதினைந்து செக்கன் போனது, அரை நிமிடமும் போனது. அக்கா எல்லாரையும் ஒரு தரம் பார்த்தார், "ஆளில்லை" என்று சொல்லாமலே திரும்பிப் போய்த் தன் இடத்தில் முழங்காலில் இருந்தார்.

அவர் கேட்டது பிழையா, பதில் சொல்லாமல் போனது பிழையா என்று ஊரில் ஒரு மாதம் கதை ஓடியது. சுவாமியிடம் முறையிட்டவர்களும் உண்டு. "அந்தப் பெட்டிக்கு முன்னால கேக்க வேண்டிய கேள்விதானே அது" என்று மட்டும் அவர் சொன்னாராம். முறையிடப் போனவர்கள் வேறு எதையோ முறையிட்டுவிட்டு வந்தார்கள்.

கழுதைக் குட்டியின் கதையையும் சொன்னால்தான் சிரித்த நான் பிறகு ஏன் அந்தக் கேள்விக்குப் பயந்தவன் என்பது விளங்கும். மன்னாரில் கழுதைகளுக்குக் குறைவில்லை, அவற்றுக்குச் சொந்தக்காரர்தான் இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்காரர் மலக்குழி கட்டி, கொங்கிறீற் தட்டு வைத்து மூடுவதற்கு ஆள் பிடித்திருந்தார். நானும் ஒரு கை கொடுக்கப் போனேன். தெருவால் போன அக்கா தட்டைக் கண்டதும் உள்ளே வந்துவிட்டார். தட்டு வைக்க மிச்சம் இருந்த ஓட்டைக்குள் குனிந்து கேட்டார். நாங்கள் பாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி மனதுக்குள் ஏசிக்கொண்டு நிற்கிறோம். ஒரு சத்தமும் இல்லை. "சரியக்கா, ஆளில்லை, விடுங்கோ" என்றேன் நான்.

"ரோச் இருக்கா?" என்றார்.

வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டு ரோச் எடுத்து வந்தார். அடித்துப் பார்த்தால், குழியின் மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு கழுதைக் குட்டி. இரண்டு நாளாகக் கத்திக் கத்திக் களைத்து, இனிக் கத்திப் பிரயோசனம் இல்லை என்று விட்டுவிட்டு நின்றது. வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைக்கூட மூடவில்லை. கயிறு போட்டு ஏற்றி எடுத்தோம். எல்லாரும் அக்காவைப் புகழ்ந்தார்கள். அவர் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழியையே பார்த்து நின்றார்.

"சத்தம் இல்லாட்டி ஆளில்லை எண்டு அர்த்தமில்லை" என்றார். அதுவும் எங்கள் ஊர்த் தமிழில்தான் வந்தது.

கடலில் ஆரையோ பறிகொடுத்தவர் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. ஆரை, எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் கரையில் பாதிப் பேர் ஆரையாவது பறிகொடுத்தவர்கள். அதைப் போய்க் கேட்பது மரியாதை இல்லை.

இனி என் வான் வண்டியின் கதைக்கு வருகிறேன். நான் வாடகைக்கு ஆட்களை ஏற்றி ஹயர் ஓடுகிறவன். வான் பழசு, ஆனால் பிள்ளை மாதிரிப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வேன். பிள்ளைக்கு எந்தத் தண்ணீரைக் கொடுத்தேன் என்று கேட்டால்தான் வெட்கம். தாழ்வுபாட்டில் எங்கள் பக்கத்துக் கிணறுகள் உவர். குடிக்கிற தண்ணீரைப் பவுசர் லொறியில் வாங்கிக் கலனில் அளந்து வைத்திருக்கிற வீடுகள் எங்களுடையவை. அந்தத் தண்ணீரைப் போய் ஒரு வாகனத்துக்கு ஊற்றுவதா? மனம் வராது. பாவம் என்று நினைக்கிற ஆட்கள் நாங்கள். ஆறு வருடமாக றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினேன். உப்பு உள்ளே இருந்தபடியே தன் வேலையைச் செய்துவிட்டது.

எஞ்சினின் முன்பக்கத்தை மூடிக்கொண்டிருக்கிற அலுமினியக் கவர் ஒன்று உண்டு. டைமிங் கவர் என்போம். அதற்குப் பின்னால் ஒரு சங்கிலி ஓடும், எஞ்சினின் மேலையும் கீழையும் ஒரே தாளத்தில் சுற்ற வைப்பது அதுதான். தண்ணீர் போகிற வழியும் அந்தக் கவருக்குள்ளாலேதான். உப்பு அந்த இடத்தை அரித்து ஓட்டை போட்டு, தண்ணீர் ஓயிலுக்குள் இறங்கிவிட்டது. ஓயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் பால்தேத்தண்ணி நிறம். அதோடு கொஞ்சத் தூரம் ஓடியும் இருக்கிறேன். எஞ்சினின் உள்வீடெல்லாம் போய்விட்டது.

வேறு நேரம் என்றால் கவலைப்பட்டுக்கொண்டு ஒரு மாதம் படுத்திருப்பேன். அப்போது ஜெசிந்தாவுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. எங்கள் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அன்றைக்கு நான் அனுராதபுரப் பக்கம் ஹயர் போயிருந்தேன். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் தேடி ஊரார் ஓடினார்கள், என் வான் ஆரோ சுற்றுலாக்காரரை ஏற்றிக்கொண்டு எங்கேயோ நின்றது. இந்தத் தரம் திங்கட்கிழமை வவுனியாவுக்குக் கொண்டுபோய் அங்கே பெரிய டொக்டரிடம் நிறுத்த வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். என் வானில், நானே ஓட்டிக்கொண்டு போவேன் என்று மாதாவுக்கு முன்னால் சொல்லிவிட்டேன். அந்தத் திங்களுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கராஜ்காரர் இரண்டு மாதம் என்றார். அக்கா வந்து பார்த்து, "இறக்கிடலாம்" என்றார்.

வேம்பில் செயின் கட்டி எஞ்சினை இறக்கி, இரண்டு பழைய ரயருக்கு மேல் வைத்து, தறப்பாள் கட்டினோம். அக்கா அந்த மூன்று கிழமையும் எங்கள் முற்றத்தில்தான். ஜெசிந்தா கதிரை போட்டுப் பக்கத்தில் இருந்து பார்ப்பாள். போல்ற்றுகளை அக்கா டப்பாவில் கொட்டமாட்டார். பிஸ்கற் பெட்டி மட்டையில் கவரின் படத்தைக் கீறி, ஒவ்வொரு போல்ற்றையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வைத்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம், இடம் மாறி நீளமானது உள்ளே போனால் பின்னால் இருப்பதை உடைத்துவிடும்.

கடைசியில் கவர் வந்தது. ஒரிஜினல் எங்கேயும் இல்லை. ஆரோ எங்கேயோ வார்த்த வெளிச்சாமான், கொழும்பில் இருந்து பஸ்ஸில் வந்தது. பார்க்க மினுங்கியது. அக்காவுக்குப் பிடிக்கவில்லை. பழசையும் புதிசையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரைநாள் பார்த்தார். ஒரு ஓட்டை அரை மில்லி தள்ளி இருந்தது, அராவினார். முதலாம் பிஸ்டன் உச்சியில் நிற்கிறதா என்று பார்க்கிற அடையாளக் கோடு புதிசில் இல்லவே இல்லை. பழசில் அளந்து, உளியால் தானே ஒரு கோடு வெட்டினார். பிறகு பசை பூசாமல் சும்மா பொருத்திப் பார்ப்போம் என்று தூக்கினார்.

எதிர்பார்த்தபடியே குனிந்து சங்கிலியைப் பார்த்துக் கேள்வியைக் கேட்டார். காத்திருந்தார். பொருத்தினார். நான் ஸ்பானரைப் போட்டு எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்ற, அவர் ஒரு ஸ்குரூ ட்ரைவரின் நுனியைக் கவரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"ஆரோ இருக்கினம்" என்றார்.

பட்டப்பகல், பதினொரு மணி. எனக்கு முதுகு கூசியது. நானும் ஸ்குரூ ட்ரைவரை வாங்கிக் காதில் வைத்தேன். ஒன்றும் இல்லை. கழற்றச் சொன்னார். கழற்றிப் பார்த்தால் கவரின் உட்பக்கத்தில், வார்ப்பில் மிஞ்சிப்போன ஒரு மேட்டில், மயிர் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. சங்கிலி உரசிய இடம். அப்படியே பூட்டி ஓடியிருந்தால் அலுமினியத் தூள் ஓயிலுக்குள் போய், எஞ்சினை இரண்டாம் தரம் இறக்க வேண்டி வந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆரோ இல்லை, ஒரு மேடுதானே! அக்கா சிரிக்கவில்லை. அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

அது புதன்கிழமை. வியாழன் காலை மேட்டை அராவி எடுத்து, கவரில் வருகிற ஓயில் சீல் வளையத்தைத் தட்டி இறக்கி, எல்லாவற்றையும் பெற்றோல் துணியால் துடைத்து ஆயத்தம் ஆனோம். அன்று விடியவே ஜெசிந்தா, "இண்டைக்கு அசைவு குறைவாக் கிடக்கு" என்றாள். நான் மட்டையில் காணாமற்போன ஒரு போல்ற்றைத் தேடிக்கொண்டிருந்தேன். "நித்திரையா இருக்கும்" என்றேன். போல்ற் கிடைத்துவிட்டது. அவள் சொன்னதை நான் மறந்தே போனேன். இதை எழுதும்போதும் என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

பத்து மணி இருக்கும். அக்கா கவரின் விளிம்பைச் சுற்றிப் பசை பூசினார். பூசினால் பத்து நிமிடத்துக்குள் பூட்டிவிட வேண்டும், காய்ந்தால் கசியும். சீலின் உதட்டில் ஓயில் தொட்டுத் தடவினார். கவரை இரண்டு கையாலும் தூக்கினார். குனிந்தார்.

"உள்ளுக்க ஆரும் இருக்கிறியளோ?"

அந்த நேரம்தான் ஜெசிந்தா தேத்தண்ணி கொண்டு வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றாள். அக்கா தலையைச் சரித்துக் காத்திருந்தார். பிறகு அந்தத் தலை மெல்ல மெல்லத் திரும்பியது. எஞ்சினில் இருந்து திரும்பி, என்னைத் தாண்டி, ஜெசிந்தாவின் பக்கம் வந்து நின்றது. கவரைப் பாயில் வைத்தார். எழுந்து போய், அவளைத் தொடாமல், அவளுடைய வயிற்றுக்கு முன்னால் குனிந்தார்.

"உள்ளுக்க ஆரும் இருக்கிறியளோ?"

"அக்கா!" என்று கத்தினேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கிட்டப் போகவில்லை. பசை காய்ந்துகொண்டிருந்தது. அவர் காத்திருந்தார். அவருடைய வாய் அசையப் போகிறது, அந்தச் சொல்லைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லக் கூடாது, மாதாவே, அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

அவர் அதைச் சொல்லவில்லை. நிமிர்ந்து ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தார். "தங்கச்சி, கடைசியா எப்ப?"

தேத்தண்ணித் தட்டை வயிற்றோடு அணைத்துப் பிடித்தாள். "நேத்துப் பின்னேரம்" என்றாள் ஜெசிந்தா. "அதுக்குப் பிறகு இல்லை அக்கா. காலமை லேசா ஏதோ மாதிரி இருந்தது. அதுவும் என்ர நினைப்போ தெரியாது."

"ஏனடி எனக்குச் சொல்லேல்லை?" என்றேன்.

"சொன்னனான் தானே" என்றாள். பிறகு, "முழுக்கச் சொன்னால் உண்மையாப் போயிடும் எண்டு பயந்தனான்" என்று சொல்லித் தட்டை நழுவ விட்டுவிட்டு அழத் தொடங்கினாள்.

அக்கா என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். இந்தியாப் பேச்சு ஒரு சொட்டுக்கூட இல்லை. "வானைப் பாக்காதை. திங்கக்கிழமையும் பாக்காதை. ஓட்டோவைக் கூப்பிட்டு மன்னாருக்கு ஓடு. சத்தம் இல்லாட்டி ஆளில்லை எண்டு அர்த்தமில்லை. ஓடடா!"

ஓடினேன். ஒழுங்கை முனையில் நின்ற ஓட்டோவில் அவளை ஏற்றினேன். மன்னார் ஆஸ்பத்திரி கால்மணித்தியாலத் தூரம்தான், ஆனால் அந்தக் கால்மணித்தியாலத்தை நான் இன்னும் ஓடி முடிக்கவில்லை. அவளுடைய வயிற்றில் கையை வைத்துக்கொண்டு போனேன். கல்லில் வைத்த மாதிரி இருந்தது. நேர்ஸ் ஒருவர் கருவியை வைத்துத் தேடித் தேடி ஓரிடத்தில் நிறுத்தினார். தூரத்தில் ஆரோ நடந்து போகிற மாதிரி, மிக மெதுவான துடிப்பு. அடுத்த நிமிடம் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வெளியில் நின்றேன். என் கையில் இன்னும் பசை இருந்தது, சுவரில் தேய்த்தேன், போகவில்லை.

கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். பின்னேரம்வரை பார்த்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டொக்டர் சொன்னார். கதவு ஒரு தரம் திறந்து மூடிய இடைவெளியில் ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய, கீறுகிற மாதிரி ஒரு சத்தம். பெண் பிள்ளை. தாயும் சுகம். நான் அந்த நடைபாதையில் நிலத்தில் குந்தியிருந்து சத்தமாக அழுதேன்.

மறுநாள் மத்தியானம் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். வேலிக்கு வெளியே நின்ற பக்கத்து வீட்டு மனுஷி, "உவ நேத்தையில இருந்து எழும்பேல்லை, தம்பி. சாப்பாடு குடுத்தும் வாங்கேல்லை" என்றார்.

அக்கா எஞ்சினுக்கு முன்னால் பாயில் இருந்தார். காய்ந்த பசை முழுவதையும் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தார். கவரை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். எஞ்சினின் முன்பக்கம் திறந்தபடி கிடந்தது, சங்கிலியில் வெயில் பட்டது.

ஆணா பெண்ணா என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"அழுததோ?" என்றார்.

"ஓம் அக்கா. அழுதவள்."

"பிறகு அழுகை நிண்டதோ?"

"பால் குடுத்தவுடன நிண்டது."

"பால் குடுத்து நிண்டால் நல்லது" என்றார். கொஞ்ச நேரம் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, நான் கேட்காமலே, எஞ்சினைப் பார்த்தபடி சொன்னார்.

"என்ர மகனுக்கு மூண்டு மாசம். போட்டில நாங்கள் முப்பது பேர். நேவியின்ர எஞ்சின் சத்தம் கேட்டவுடன, பிள்ளையளையும் பொம்பிளையளையும் மீன் அறைக்குள்ள இறங்கச் சொன்னாங்கள். எனக்கு இடம் காணேல்லை. அவனை ஒரு மனிசியின்ர கையில குடுத்திட்டு, பலகையை நான்தான் மூடினனான். வலையைப் போத்துக்கொண்டு அதுக்கு மேல குந்தினனான். உள்ளுக்க கத்தினவன். கத்தினால் எல்லாரும் சாவம் எண்டு பயந்து கொண்டிருந்தன். பிறகு நிண்டிட்டுது. நிண்டவுடன எனக்குச் சந்தோசம், தம்பி. மாதாவுக்கு நன்றி சொன்னனான். நேவி போயும் நான் எழும்பேல்லை. நித்திரை கொள்ளுறான், எழுப்பக் கூடாது எண்டு அப்பிடியே குந்திக் கொண்டிருந்தன்."

நான் ஒரு அடி கிட்டப் போனேன்.

"பெரிய ஆக்கள் தாங்கிட்டினம்" என்றார். "உள்ளுக்க காத்து இல்லை. நான் குனிஞ்சு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "உன்ர பிள்ளை எப்பிடி அழுதவள்? ஒருக்கா அழுது காட்டு."

எனக்கு வெட்கமாக இருந்தது. வேலிக்கு அப்பால் அந்த மனுஷி நிற்கிறார். ஆனால் மறுக்க முடியாத முகம் அது. கதவு இடைவெளியில் கேட்ட அந்த மெல்லிய கீறல் சத்தத்தை நினைவில் எடுத்து, தொண்டையை ஒடுக்கி, நாற்பது வயது மனுஷன் என் சொந்த முற்றத்தில் நின்று பிறந்த பிள்ளை மாதிரி அழுது காட்டினேன்.

அக்கா என் பக்கம் காதைத் திருப்பவில்லை. முன்னால் சரிந்து, திறந்து கிடந்த எஞ்சினுக்கு, அந்தச் சங்கிலிக்குக் கிட்டக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அழுகிறவன் இங்கே நிற்கிறேன், அவர் அதை அங்கே கேட்டார். முகம் மெல்ல மெல்ல இளகியது.

"இன்னொருக்கா" என்றார்.

இரண்டாம் தடவை நான் நடிக்கவில்லை. வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. அவர் இரண்டு கையையும் எஞ்சினின் திறந்த வாய்க்கு அருகே நீட்டி, எதையோ வாங்குவதுபோல ஏந்தினார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். கழுத்தடியில் வைத்து முகர்ந்தார் என்றுகூடச் சொல்லுவேன், ஆனால் அதை நான் சரியாகக் கண்டேனா தெரியாது, என் கண்ணில் தண்ணீர். பிறகு கைகளை விரித்துத் தாழ விட்டார்.

"போயிட்டான்" என்றார். மடியில் இருந்த துணியை அவிழ்த்து, புதிதாகப் பசை பூசி, ஒன்றும் கேட்காமல் கவரை எடுத்து எஞ்சினில் வைத்தார். "போல்ற்றைத் தா, தம்பி. இறுக்குவம்."